பங்கு கேட்டவளும் ஜெபிக்கலாம்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. போன வாரம் சபைப் பெண்கள் கூட்டம் முடிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்தாள். "அக்கா, அண்ணன்மாரோடு பேச்சே இல்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் அழுகைதான் வருது. அப்பா சொத்துல பங்கு கேட்டதால ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரா?" என்றாள். அவளுக்காகவும், தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே கேள்வியோடு படுக்கப்போகிற பெண்களுக்காகவும் எழுதுகிறேன்.

நான் பிறந்த வீடு பாறசாலைப் பக்கம், கட்டிக்கொடுத்தது மார்த்தாண்டத்தில். அப்பா 2017-ல் போனார். உயில் எழுதவில்லை. இருந்தது 60 சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம். சட்டப்படி அம்மைக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகள் எங்கள் இரண்டு பேருக்கும் சமம், அதாவது ஆளுக்கு 20 சென்ட். இதை நான் வாய்திறந்து கேட்ட அன்றைக்குத்தான் எல்லாம் உடைந்தது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, இனி என்ன பங்கு?" என்றான் அண்ணன். மயினி, அதாவது அண்ணன் மனைவி, ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். 2019-ல் நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், அதோடு போனும் நின்றது, வாசலும் அடைந்தது. அம்மை அந்த வீட்டில்தான் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போனில்தான் அம்மையின் குரலைக் கேட்பேன், அதுவும் அண்ணன் வெளியே போயிருக்கும்போது.

இந்த "நகை போட்டாச்சு" பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, இல்லையென்றால் 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம், அதாவது வரதட்சணை, கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. சில சபையாருக்கு விலக்கு இருந்தது, ஆனாலும் பொதுவான வழக்கம் அதுதான். கோட்டயத்து மேரி ராய் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ப் போராடி, அந்தப் பழைய சட்டம் 1951-லேயே செத்துவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 1986-ல் தீர்ப்பு வாங்கினார். இத்தனை வருஷம் ஆகியும் ஆலயத்துக்குப் போகிற எங்கள் வீடுகளில் 1916 இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அந்த வருஷங்களில் எனக்கு அதிகம் வலித்தது அண்ணன் பேச்சுகூட இல்லை, விசுவாசிகள் பேச்சுதான். "விட்டுக்கொடு சகோதரி, பரலோகத்தில் உனக்குச் சுதந்தரம் உண்டு." வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசுப் பங்கு. ஒரு கன்வென்ஷன் மேடையில் 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தை வாசித்து, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளாமல் வழக்குக்குப் போகிறவர்களை ஒருவர் வெளுத்து வாங்கினார். நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தேன். அடுத்த வசனமே, "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள்" என்று சகோதரருக்கு நஷ்டம் பண்ணுகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. அதை ஏன் வாசிக்கவில்லை? நஷ்டப்பட்டவளுக்கு 7, நஷ்டப்படுத்தினவனுக்கு 8, இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அது பிரசங்கம். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் மோசேக்கு முன்னால், சபை முழுவதுக்கும் முன்னால் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள், அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார். யோபு கடைசியில் தன் மூன்று மகள்களுக்கும் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான். பங்கு கேட்பது பாவம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்கிறேன், யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

சரி, பாவம் இல்லையென்றால் எனக்கு ஏன் சமாதானம் இல்லை? அங்கேதான் ஆண்டவர் என்னைப் பிடித்தார்.

ஒரு திருவிருந்து ஞாயிறு. மத்தேயு 5-ஆம் அதிகாரம் வாசித்தார்கள், நூறு தடவை கேட்ட பகுதி. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்". அன்றைக்குத்தான் அந்த வார்த்தை காதில் சரியாக விழுந்தது. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, அவனுக்கு என்மேல் குறை இருந்தால். குறை நியாயமா இல்லையா என்று அந்த வசனம் விசாரிக்கவே இல்லை, போ என்று மட்டும் சொல்கிறது. என் பக்கம் நியாயம் இருக்கிறது, அதனால் அவன்தான் வர வேண்டும் என்று ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். நியாயம் என் பக்கம் இருந்தது உண்மை. எழுந்து போகாமல் இருந்ததும் உண்மை. அன்றைக்கு நான் திருவிருந்து வாங்க எழுந்து போகவில்லை, பெஞ்சிலேயே இருந்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை, நேரே விளைக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் பால் வெட்டிவிட வேண்டும், அதனால் அந்த நேரத்தில் அண்ணன் அங்கேதான் இருப்பான் என்று தெரியும். தலையில் கட்டியிருந்த லைட் மரத்துக்கு மரம் நகர்ந்தது. பழைய வெட்டில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை விரலால் உரித்துப் பைக்குள் போட்டான், சாய்வாகக் கத்தியை இழுத்தான், வெள்ளையாக ஒரு கோடு ஊறி வந்து சிரட்டையில் சொட்ட ஆரம்பித்தது. அப்பா வெட்டுகிற அதே கை. அண்ணா என்றேன். திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

"நான் பங்கை விடலை அண்ணா. ஆனா உன்கூடப் பேசாம இருக்க என்னால முடியலை. நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி நேரில் வந்து சொல்லியிருக்கணும், அது என் தப்பு."

பதில் இல்லை. அடுத்த மரத்துக்குப் போனான், நானும் போனேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மரம். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே, "அம்மை எழும்பியிருப்பா, போய்ப் பாரு" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஆகவில்லை. மயினி இன்னும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வழக்கு வேண்டாம் என்று சபை மூப்பர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசுகிறோம். இதுவும் அந்த 1 கொரிந்தியர் 6-ல் இருக்கிற வழிதான். ரோட்டோரப் பங்கு யாருக்கு என்பதில் இன்னும் முட்டிக்கொண்டுதான் நிற்கிறோம்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வேதாகமத்தில் பகைத்துப் பிரிந்த சகோதரர்கள் யாக்கோபும் ஏசாவும் இருபது வருஷத்துக்குப் பிறகு கட்டிப்பிடித்து அழுதார்கள் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதற்கப்புறம் ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். பின்னால் வருகிறேன் என்று சொன்ன யாக்கோபு சேயீருக்குப் போனதாக அந்த அதிகாரத்தில் எழுதியில்லை. ஒரே வீட்டில் அவர்கள் வாழவில்லை. ஆனால் தகப்பன் ஈசாக்கை அடக்கம் பண்ணும்போது இரண்டு பேரும் இருந்தார்கள். அந்த அளவுக்குக் கிடைத்தாலும் எனக்குப் போதும், அதற்காகத்தான் தினமும் ஜெபிக்கிறேன்.

தங்கச்சி, நீ பங்கைக் கேள், தயங்காதே. அழுகை வந்தால் அழுதுகொண்டே ஜெபி. அண்ணன் வாசலுக்கும் ஒருமுறை போ. அடிக்கிறவன், மிரட்டுகிறவன் என்றால் தனியாகப் போகவே கூடாது, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போ, அல்லது தூரத்திலிருந்தே ஜெபி. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதான் பவுலும் எழுதியிருக்கிறார்.

நேற்று ராத்திரி அண்ணன் போன் பண்ணினான். சனிக்கிழமை சர்வேயர் வருகிறாராம், நீயும் வந்து நில்லு என்றான். வரும்போது அம்மைக்கு மாத்திரை வாங்கிட்டு வா, சீட்டை வாட்ஸ்அப்பில் போடுகிறேன் என்றும் சொன்னான். சீட்டு காலையில் வந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் இரண்டு கடை ஏறி இறங்கி எல்லா மாத்திரையும் வாங்கிவிட்டேன்.