டிஆர்பி இறங்கினா கதையவே வெட்டிடறதா?

நல்லா போயிட்டிருந்த சீரியல ஏன் பாதியில முடிக்கிறாங்கன்னு கட்டுரையில கேட்டிருக்கீங்க, எல்லாம் டிஆர்பி, அதாவது எத்தன பேரு பாக்கறாங்கங்கற கணக்கு தாங்க. அந்த கணக்க எடுக்கிற பார்க் (BARC) அமைப்பு 2020ல சுமார் 44,000 வீட்ல தான் அதுக்கான மீட்டர் வெச்சிருந்துச்சு, நாட்டுல டிவி இருக்கிற வீடு 21 கோடி. சேனல் சத்தத்துல காதுக்கு கேக்காத ஒரு குறியீடு கலந்திருக்கும், அத மீட்டர் பிடிச்சுக்கும், யாரு பாக்கறாங்கன்னு வீட்ல அவங்கவங்க பட்டன அமுக்கணும். வாராவாரம் வியாழக்கிழமை நம்பர் வரும், விளம்பர ரேட்டே அத வெச்சு தான், அதனால நம்பர் இறங்கினா மொதல்ல ராத்திரியிலருந்து மத்தியானத்துக்கு தள்ளி விடறாங்க அப்புறம் அவசர அவசரமா சுபம் போட்டுடறாங்க.

எங்க பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்க போற பொம்பளைங்க மத்தியானம் எங்கங்க டிவி பாக்கறது? எங்க ஆயா இப்ப பேரன் போன்ல ஆப்ல போட்டு காட்டினா தான் பாக்குது, அது டிஆர்பில சேராது. 2015ல பார்க் வந்தப்புறம் தான் கிராமத்தையும் கணக்குல எடுத்தாங்க, அத நான் மனசார பாராட்டறேன். ஆனா சில சேனல மட்டும் போட்டு வைக்கச் சொல்லி மீட்டர் வீட்டுக்கு காசு குடுத்தாங்கன்னு 2020ல மும்பை போலீஸ் கேஸ் போட்டு, நியூஸ் சேனல் ரேட்டிங்க நிறுத்தி 2022 மார்ச்ல தானே திரும்ப விட்டாங்க? இத நம்பியா ஒரு கதைய வெட்டறது?

சேனல்காரங்க முடிக்கிறதா இருந்தா எழுதறவங்களுக்கு ஒரு மாசமாவது முன்கூட்டியே சொல்லுங்க, கதைய ஒழுங்கா முடிக்கட்டும்.