செத்தும் விடாத சக்களத்தி

நேற்று ராத்திரி 'பிளைத் ஸ்பிரிட்' படத்தை மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். நோயல் கவர்டின் நாடகத்தை வைத்து டேவிட் லீன் எடுத்தது, 1945ல் வந்தது. இரண்டாம் உலகப் போரை மறக்க எடுத்த வேடிக்கைப் படம் என்று சொல்லி எல்லோரும் சுலபமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

கதை இதுதான். சார்ல்ஸ் என்ற எழுத்தாளர், நாவலுக்கு விஷயம் தேடி, ஆவிகளை அழைக்கும் மேடம் அர்காட்டியை வீட்டுக்குக் கூப்பிடுகிறார். வந்து நிற்பது செத்துப்போன முதல் மனைவி எல்வைரா. அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். அவளை அவர் திட்டினால், எதிரே இருக்கிற இரண்டாவது மனைவி ரூத் தன்னைத்தான் திட்டுகிறார் என்று கொதிக்கிறாள். எல்வைராவாக வரும் கே ஹாமண்டுக்கு உடம்பெல்லாம் வெளிர்பச்சை, உதடும் நகமும் மட்டும் ரத்தச் சிவப்பு. மேக்கப்பையும் பச்சை விளக்கையும் வைத்தே ஆவியைக் காட்டிவிட்டார்கள், தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. சைக்கிளில் வந்து இறங்கும் அர்காட்டி, அதாவது மார்கரெட் ரூதர்ஃபோர்டு, அவரைப் பற்றித் தனிப்பதிவே போடலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. படத்தில் போரே கிடையாது. குண்டு இல்லை, ரேஷன் இல்லை, நினைத்தபோது காரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிரிட்டனில் சொந்தக் காருக்குக் கொடுத்த அடிப்படை பெட்ரோல் ரேஷன் 1942 ஜூலையோடு நின்றுபோயிருந்தது, அதை யோசித்துப் பார்த்தால் அந்தக் கார் காட்சிகளே ஒரு கனவு மாதிரி இருக்கும். சரி, போர் எங்கே என்றால், சாவில்தான் இருக்கிறது. லண்டன்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த 1941ல், செத்தவள் திரும்பி வந்து வீட்டுக்காரனோடு சண்டை போடுகிற கதையைக் கவர்டு ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்தார். முதல் நாள் பார்க்க வந்தவர்கள் இடிபாடுகள்மேல் போட்ட பலகையில் நடந்துதான் பிக்கடில்லி தியேட்டருக்குள் போனார்களாம். வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் இழவு விழுந்திருக்கும்? அவர்களை உட்காரவைத்து ஆவியைப் பார்த்துச் சிரிக்கவைத்தார் மனிதர். மேடையில் ஒருத்தரும் ஒப்பாரி வைப்பதில்லை, அதுதான் சூட்சுமம். யாராவது ஒரு நிமிஷம் உண்மையாக அழுதிருந்தால் நாடகம் அங்கேயே படுத்திருக்கும். 1,997 தடவை ஓடியது.

அதனால்தான் படத்தின் முடிவு எனக்கு ஆகவே ஆகாது. நாடகத்தில், ரூத்தும் செத்து ஆவியாகி, ரெண்டு சக்களத்திகளும் கண்ணுக்குத் தெரியாமல் சாமான்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்க, சார்ல்ஸ் 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். படத்தில் அவரையும் பாலத்தில் காரோடு கவிழ்த்து, ஆவியாக்கி, ரெண்டு பேருக்கும் நடுவில் மதில்மேல் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1941ல் அந்தப் பலகைமேல் திரும்பி நடந்து வீட்டுக்குப் போன கூட்டம், ஒரு ஆளாவது உயிரோடு தப்பித்ததைப் பார்த்துவிட்டுப் போனது.