அல்பேர்ட்டாவின் ஆறு செனட்டர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

2021 ஒக்டோபர் 18 அன்று, மேற்குக் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலுள்ள எட்மன்டனில் நகரசபைத் தேர்தலுக்கு வாக்களிக்கச் சென்றபோது, மேயரையும் நகரசபை உறுப்பினரையும் தெரிவுசெய்வதோடு இன்னொரு தெரிவையும் எங்களிடம் கேட்டார்கள். கனடாவின் மேலவையான செனட்டில் அல்பேர்ட்டாவின் இடங்களுக்கு யாரை நியமிக்கலாம் என்று மாகாணம் தன் மக்களிடம் கேட்ட தேர்தல் அது. செனட்டர்களைத் தெரிவுசெய்து நியமிப்பது பிரதமர் என்பதால், இது ஓர் ஆலோசனைத் தேர்தல் மட்டுமே. மூன்று பெயர்கள் வரை தெரிவுசெய்யலாம். வேட்பாளர்களைப் பற்றி முன்கூட்டியே படித்துவிட்டுப் போயிருந்ததால் மூன்று பெயர்களையும் பொறுப்புடன்தான் தெரிவுசெய்தேன். பாம் டேவிட்சன், எரிக்கா பரூட்ஸ், மிக்கைலோ மார்ட்டினியூக் ஆகிய மூவரும் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், அல்பேர்ட்டாவுக்கு உரிய ஆறு இடங்களில் இரண்டு வெறுமையாகவே கிடந்தன. 2024 ஓகஸ்ட் 31 அன்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவின் அறிவிப்பு வந்தபோது அதில் அந்த மூவரில் ஒருவர் பெயரும் இல்லை. கால்கரியைச் சேர்ந்த வழக்கறிஞர் டேரில் ஃபிரிட்ஹாண்ட்லரும் எட்மன்டனைச் சேர்ந்த கல்வியாளர் கிறிஸ்டோபர் வெல்ஸும் நியமிக்கப்பட்டார்கள். மாகாண முதல்வர் டேனியல் ஸ்மித் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். எனக்கும் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நியமிக்கப்பட்ட இருவரின் தகுதியைப் பற்றிய கோபம் அல்ல அது. மக்களிடம் கேட்டுப் பெற்ற ஒரு விடையை, ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரிகூட விளக்காமல் ஒதுக்கிவைத்ததைப் பற்றிய கோபம்.

ஆனால் அதன்பின் செனட்டின் வரலாற்றையும் அரசியலமைப்பையும் படிக்கப் படிக்க, எங்கள் மாகாணத்தில் இந்தக் கோபம் தவறான இடத்தில் குவிகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். செனட்டரைத் தேர்தல் மூலம் தெரிவுசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையை முதலில் வைத்துவிட்டு, எத்தனை செனட்டர்கள் என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளினால், அல்பேர்ட்டாவுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் நேரும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். செனட்டில் 105 இடங்கள். ஒன்ராறியோவுக்கு 24, கியூபெக்குக்கு 24, கடலோர மாகாணங்கள் மூன்றுக்கும் சேர்த்து 24, மேற்கின் நான்கு மாகாணங்களுக்கும் சேர்த்து 24. நியூஃபவுண்ட்லாந்து 1949இல் இணைந்தபோது 6 இடங்கள் கூடின. வடக்கில், மாகாணத் தகுதி பெறாத மூன்று ஆட்புலங்களுக்குத் தலா ஒன்று. 1867இல் கூட்டாட்சி உருவானபோது, மக்கள் தொகைப்படி அமையும் கீழவையில் ஒன்ராறியோவின் கை ஓங்கும் என்று அஞ்சிய கியூபெக்கும் கடலோர மாகாணங்களும் மேலவையில் பிராந்தியச் சமநிலை வேண்டும் என்று கேட்டுப் பெற்றன. அன்று அல்பேர்ட்டா என்றொரு மாகாணமே இல்லை. 1905இல் பிறந்த மாகாணத்துக்கு 1915இல் ஆறு இடங்கள் உறுதியாயின. அந்த ஆறு இன்றுவரை ஆறுதான். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அல்பேர்ட்டாவில் 42 இலட்சத்து 62 ஆயிரம் பேர் இருந்தார்கள். 7 இலட்சத்து 75 ஆயிரம் பேர் வாழும் நியூ பிரன்சுவிக்குக்கோ பத்து செனட்டர்கள். ஒன்றரை இலட்சம் பேர் வாழும் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு நான்கு. கடலோர மாகாணங்கள் மூன்றும் நியூஃபவுண்ட்லாந்தும் அடங்கிய அட்லாண்டிக் மாகாணங்கள் நான்கிலும் சேர்த்து 24 இலட்சம் மக்களுக்கு 30 இடங்கள். மேற்கு மாகாணங்கள் நான்கிலும் சேர்த்து 117 இலட்சம் மக்களுக்கு 24 இடங்கள்.

இந்த ஏற்றத்தாழ்வு இதுவரை நம்மைப் பெரிதாகத் தாக்காமல் இருப்பதற்குக் காரணம், செனட்டர்கள் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் என்பதே. செனட்டுக்குச் சட்டப்படி உள்ள அதிகாரம் சிறிதல்ல. வரி விதிக்கும், பொதுப் பணத்தை ஒதுக்கும் மசோதாக்களை அங்கே தொடங்க முடியாது என்பதையும் அரசியலமைப்புத் திருத்தங்களை 180 நாட்களுக்கு மேல் தடுத்துவைக்க முடியாது என்பதையும் தவிர, கீழவை நிறைவேற்றிய எதையும் அது நிராகரிக்கலாம். மக்களிடம் வாக்குப் பெறாதவர்கள் என்ற உணர்வுதான் அவர்களைப் பெரும்பாலும் கீழவைக்கு வழிவிடச் செய்கிறது. நாளையே 105 பேரும் வாக்குப் பெற்று வந்து அமர்ந்தால் அந்தத் தயக்கம் போய்விடும். அப்போது வலுப்பெறுவது முப்பது இடங்களைக் கொண்ட அட்லாண்டிக் கரையே தவிர, ஆறு இடங்களைக் கொண்ட நாம் அல்ல.

எங்கள் மாகாணத்தின் மூத்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1980 தேர்தலில், ஜஸ்டினின் தந்தையான பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சிக்கு அல்பேர்ட்டாவில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் அமைச்சரவையில் அல்பேர்ட்டாவின் குரலாக, நியமன செனட்டரான பட் ஓல்சனை அமர்த்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் தேசிய எரிசக்தித் திட்டம் வந்தது. எண்ணெய் வருவாயை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு பறித்துக்கொள்கிறது என்று மாகாணமே கொதித்தது. பேர்ட் பிரவுன் என்ற விவசாயி 1984இல் பக்கத்து வயலின் பார்லிப் பயிரில் டிராக்டரை ஓட்டி, 'டிரிபிள் ஈ' செனட் வேண்டும், இல்லையேல் பாருங்கள் என்று வானிலிருந்து படிக்கும்படி எழுதினார். ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்கள் அவை: சமமான, தேர்ந்தெடுக்கப்பட்ட, செயல்திறனுள்ள செனட் என்பதே அந்த முழக்கத்தின் பொருள். அதில் தேர்தல் தனியாக நிற்காமல், சமம் என்பதோடு சேர்ந்தே நின்றதைக் கவனியுங்கள்.

1992இல் சார்லட்டவுன் உடன்பாடு என்ற அரசியலமைப்புத் திருத்தத் திட்டம், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆறு செனட்டர்கள் என்ற சமநிலையை முன்வைத்தது. ஆனால் செனட்டின் அதிகாரத்தைக் குறைத்து, கீழவையில் கியூபெக்குக்குக் கால்பங்கு இடங்களை உறுதிசெய்து வந்த அந்தத் தொகுப்பைப் பொதுவாக்கெடுப்பில் அல்பேர்ட்டாவில் 60 விழுக்காட்டினர் நிராகரித்தனர். அதன்பின் நம் கையில் எஞ்சியது தேர்தல் மட்டுமே. அதற்கு முன்பே, 1989இல் நடந்த முதல் மாகாண செனட் தேர்தலில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற ஸ்டான் வாட்டர்ஸை 1990இல் பிரதமர் மல்ரோனி நியமித்தார். பின்னர் பிரதமரான ஸ்டீபன் ஹார்ப்பர், பேர்ட் பிரவுன், பெட்டி உங்கர், டக் பிளாக், ஸ்கொட் டானஸ் ஆகிய நால்வரை நியமித்தார். மாகாணத் தேர்தலில் வென்று செனட்டுக்குள் நுழைந்தவர்கள் இந்த ஐவர் மட்டுமே.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு குறையும் உண்டு. வென்றவர் நியமிக்கப்பட்டுவிட்டால் சட்டப்படி 75 வயதுவரை பதவியில் இருக்கலாம். மீண்டும் வாக்குக் கேட்டு வர வேண்டியதில்லை. ஐம்பது வயதில் சென்றவருக்கு நான் ஒருமுறை இட்ட வாக்கு கால் நூற்றாண்டுக்குச் செல்லுபடியாகும். மறுபடியும் மக்கள் முன் வந்து நிற்க வேண்டும் என்ற அச்சமில்லாத தேர்தல், பொறுப்புக்கூறலைத் தருவதில்லை. 2014 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம், ஆலோசனைத் தேர்தலானாலும் அது செனட்டின் அடிப்படை இயல்பை மாற்றும் என்றும், நாட்டின் மக்கள் தொகையில் குறைந்தது பாதியைக் கொண்ட ஏழு மாகாணங்களின் ஒப்புதலின்றி நாடாளுமன்றம் அதைத் தனித்துச் செய்ய முடியாது என்றும் கூறிவிட்டது. செனட்டை ஒழிக்கவோ எல்லா மாகாணங்களும் இணங்க வேண்டும். பத்து இடங்களை வைத்திருக்கும் மாகாணம் எதற்காக இணங்கப் போகிறது?

நியமிக்கப்பட்டவர்கள் எல்லாரும் நியமித்தவரின் ஆட்கள் என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரையில் எண்ணெய்க் கப்பல்களைத் தடுக்கும் சி-48 மசோதா 2019 மே மாதம் செனட் குழுவின் முன் வந்தபோது, எட்மன்டன் பத்திரிகையாளராக இருந்து ஜஸ்டின் ட்ரூடோவால் நியமிக்கப்பட்ட பாலா சைமன்ஸ், கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களோடு சேர்ந்து அரசுக்கு எதிராக வாக்களித்தார். ஆறுக்கு ஆறு என்று வாக்குகள் சமமாகி, மசோதாவுக்குப் பெரும்பான்மை கிடைக்காததால், அதைக் கைவிடும்படி குழு பரிந்துரைத்தது. முழு அவை அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. ஆயினும் தன்னை நியமித்தவரின் மசோதாவை எதிர்த்து, தன் மாகாணத்துக்காக அவர் நின்றார். அதே ஆண்டு, பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடுவது பற்றிய சி-69 மசோதாவை ஆராய்ந்த செனட் குழு கால்கரிக்கும் ஃபோர்ட் மக்மரேக்கும் நேரில் வந்து மக்களைக் கேட்டது. செனட் அனுப்பிய திருத்தங்களில் 99ஐ அரசு ஏற்றது. இவை சிறிய வேலைகள் அல்ல. ஆனால் இவற்றைப் பற்றி நான் பேசிய நண்பர்களில் ஒருவருக்கும் ஆறு செனட்டர்களின் பெயர்களையும் சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் வாக்களித்த ஒக்டோபர் 18, பெண்களும் செனட்டில் அமரத் தகுதியுள்ள 'நபர்கள்'தாம் என்று 1929இல் தீர்ப்பு வந்த நாள். அந்த வழக்கைத் தொடுத்த ஐந்து பெண்களும் அல்பேர்ட்டாக்காரர்கள். எமிலி மர்ஃபி உட்பட அவர்களில் ஒருவரும் செனட்டராகவில்லை. அல்பேர்ட்டாவிலிருந்து முதல் பெண்ணான மார்த்தா பீலிஷ் செனட்டுக்குச் சென்றது 1979இல்தான். இந்த மாகாணத்தைப் பொறுத்தவரை அந்த அவையில் ஓர் இருக்கை எவ்வளவு அரும்பாடுபட்டுப் பெறப்பட்டது என்பதை எண்ணும்போது, அதில் அமர்ந்திருப்பவர் யார் என்றே தெரியாமல் நாம் வாழ்வது எனக்கு வருத்தம் தருகிறது.

என் கோரிக்கை எளிமையானது. அதற்கு எந்த அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. அல்பேர்ட்டா சட்டமன்றத்தின் ஒரு குழு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு செனட்டர்களையும் பொது அமர்வுக்கு அழைக்க வேண்டும். வரும்படி கட்டாயப்படுத்த இயலாது; ஆனால் வெறும் நாற்காலியும் மக்களுக்கு ஒரு செய்திதான். அந்த ஆண்டில் மாகாணத்தைப் பாதித்த மசோதாக்கள் எவை, ஒவ்வொன்றிலும் எப்படி வாக்களித்தார்கள், ஏன் என்று அவர்கள் சொல்ல வேண்டும். நியமிக்கும் பிரதமரும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்யலாம்: மாகாணத் தேர்தலில் வென்றவர்களைத் தவிர்த்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடலாம். இடங்களின் எண்ணிக்கையை மாற்றும் நீண்ட போராட்டத்தை மேற்கு மாகாணங்கள் நான்கும் சேர்ந்து நடத்தட்டும். அது முடியும்வரை இந்த ஆறு பேரும் நமக்கு முன்னால் வந்து பேசட்டும்.

இதை என் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு நேற்றுக் கடிதமாக அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால், அது எதுவாக இருந்தாலும், இங்கே முழுமையாகப் பதிவிடுகிறேன்.