எடைக்குப் போன புத்தகங்கள்

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எங்கள் படிப்பகத்துப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகச் சாக்குச் சாக்காக மினி லாரியில் ஏறுகின்றன. மேலே 'மரம் காப்போம், டேப்லெட்டில் படிப்போம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் புத்தகங்களுக்கான மரத்தை வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது எடைக்குப் போட்டால் எந்த மரம் திரும்ப முளைக்கும்?

புதுப் புத்தகத்துக்கு மரம் வேண்டுமே என்பீர்கள். வேண்டும்தான். ஆனால் காகிதமெல்லாம் மரம் இல்லை. கரூர் புகளூரில் 1984 முதல் கரும்புச் சக்கையிலும் காகிதம் செய்கிறார்கள். டேப்லெட் பேட்டரிக்கு லித்தியம், கோபால்ட் வேண்டும்; உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவில் தோண்டுவது. "கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கும்போது சார்ஜ் போட என்ன கேடு?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, பெரிய கேடு சார்ஜில் இல்லை, கருவியைச் செய்வதில் இருக்கிறது. நிறையப் படித்து, ஒரே கருவியைப் பல வருஷம் வைத்திருந்தால் கணக்கு உங்கள் பக்கம்தான். ஆனால் இந்த உப்புக்காற்றில் என் போனின் சார்ஜ் துளை இரண்டே வருஷத்தில் பச்சை பூத்துப் போனது.

நான் மின்னூலுக்கு எதிரி இல்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில்தான் சங்கப் பாடல்களைப் படித்தேன். அம்மா இப்போது எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறார். அச்சுப் புத்தகத்தைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் தின்னும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் இதையும் சொல்ல வேண்டும்: 2009-இல் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய நாவல்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது, பிறகு மன்னிப்புக் கேட்டது. என் அலமாரிக்குள் அப்படி யாரும் கையை விட முடியாது என்று நினைத்திருந்தேன்.

அப்பா நாட்டுப்படகில் போனவர். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் படகு இறங்காது. அன்றைக்கெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார். படித்த பக்கத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைப்பார்: '3-ஆம் எண் கூண்டு. வாடை ஓயவில்லை.' இன்னொன்றில், 'இன்று வலை கிழிந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல்.' அந்தப் பிள்ளை நான்தான். அவர் போன பிறகு இரண்டு பெட்டிப் புத்தகங்களை நாங்களே கொண்டுபோய்ப் படிப்பகத்தில் கொடுத்தோம். வீட்டைவிட அங்கே பத்திரமாக இருக்கும் என்று நம்பினோம்.

"யாருமே எடுத்துப் படிக்கவில்லையே" என்கிறீர்கள், படிப்பகத்துக்காரர்களே. இருக்கட்டும். கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? ஒரு போன் செய்திருந்தால் ஆட்டோ வைத்து வந்து அள்ளிக்கொண்டு போயிருப்பேன். அதே நூல் இணையத்தில் இருக்கிறதாம். இருக்கும். அதில் என் காய்ச்சல் இருக்காது.

நாளைக் காலை ராமநாதபுரம் போகிறேன். எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனது என்று தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் தருகிறேன். அரைக்க அனுப்பிவிடாமல் இருக்கச் சொல்லுங்கள்.