கழுதைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை

"கோடை முழுவதும் கடற்கரையில் வேலையா? கொடுத்து வைத்தவர்!" இதை இன்னும் ஒருவர் என்னிடம் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கடற்கரை ஊரான பிளாக்பூல் என்று வாயெடுத்தால் போதும், இந்த இங்கிலாந்தில் ஆளுக்கொரு கதை வந்துவிடுகிறது. கோபுரமாம், டிராமாம், மணலில் கழுதைச் சவாரியாம்.

எல்லாம் முன்வாசல் வழியாகப் போனவர்களின் கதை. 1990களின் நடுவில், கல்லூரி விடுமுறையில், நான் ஒரு தங்கும் விடுதியின் பின்வாசல் வழியாகப் போனேன். கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உப்புக்காற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கண்ணுக்குக் கிடைத்ததெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டியும் எதிரே ஒரு செங்கல் சுவரும்தான்.

அவர்கள் காலை உணவை ரசித்துச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ், பொரித்த ரொட்டி, பீன்ஸ் என்று அடுக்குவார்கள். அந்த முட்டையின் மஞ்சள் கரு முள்கரண்டியின் பற்களுக்கு நடுவில் காய்ந்தால் சிமெண்டுதான். தேய்த்தால் வராது, நகத்தைக் கொடுத்துச் சுரண்ட வேண்டும். சனிக்கிழமை வந்தால் அதைவிடக் கொடுமை. காலையில் ஒரு கூட்டம் அறையைக் காலி செய்யும், பிற்பகலில் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். இடைப்பட்ட நேரத்தில் எல்லாப் படுக்கைகளுக்கும் விரிப்பு மாற்றியாக வேண்டும். கட்டிலை ஒட்டினாற்போல் சுவர். மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகுவதற்குள் விரல் முட்டித் தோல் உரிந்துவிடும். குளியல் தொட்டி நிறைய மணல். ஊருக்குப் போகிறவர்கள் அந்த மணலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

இப்போது கழுதைக்கு வருகிறேன். அந்த மணலில் சவாரி சுமக்கும் கழுதைகளுக்கென்று 1942லேயே நகராட்சி விதிமுறை வகுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஓய்வு. மதியம் ஒரு மணி நேர இடைவேளை. மாலை 7 மணிக்கு மேல் சவாரி கிடையாது. மனிதர்களுக்கு? சில தொழில்களில் இதற்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்று கூலி வகுத்துக்கொண்டிருந்த ஊதியக் குழுக்களையும் 1993ல் கலைத்துவிட்டார்கள். நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச ஊதியம் 1999 ஏப்ரலில்தான் வந்தது: மணிக்கு 3 பவுண்டு 60 பென்ஸ். எங்களுக்கு உறையில் போட்டுக் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் படுக்கவும் சாப்பிடவும் என்று பிடித்தம். கழுதையாய் உழைத்தேன் என்றுகூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. கழுதைக்கு அதைவிட நல்ல வேலை.

விருந்தாளிகளாவது சுகப்பட்டார்களா என்றால், அதுவும் முழுக்க உண்மையில்லை. லங்காஷயர் நெசவாலை நகரங்கள் முறைபோட்டு ஒவ்வொரு வாரம் ஆலையை மூடிவிட்டு ஊரோடு பிளாக்பூலுக்கு ரயிலேறிய காலத்தில், காலை உணவு முடிந்ததும் விடுதிக்காரி வெளியே அனுப்பிவிடுவாள். மழை கொட்டினாலும் மாலைவரை உள்ளே வர முடியாது. மேசையில் உப்பும் மிளகும் வைத்ததற்குத் தனிக் கட்டணம் வாங்கியவர்களும் உண்டு. வருடமெல்லாம் சேர்த்த காசு! இதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சிரிப்பதோடு நிற்பதில்லை. "எங்கள் காலத்தில் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் பரிமாறினார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை" என்கிறார். ஐயா, நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். நாங்கள் முகம் சுளித்ததெல்லாம் சமையலறைக்குள்.

இந்தக் கோடையில் என் மகளுக்கும் அதே மாதிரி ஒரு வேலை வந்தது. வார இறுதி முழுக்க வேலை, அறைக்கு வாடகைப் பிடித்தம், வேலை நேரம் முதல் நாள் இரவுதான் தெரியுமாம். அவள் மறுத்துவிட்டாள். செய்தி கேட்ட பெரியவர் என்னை வழியில் நிறுத்தி, பெண்ணைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார். போகாதே என்று சொன்னவனே நான்தான். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அவர் வீட்டு வாசலில் நின்று.