ஒரு கோடி ஒத்தை ரூபாய்க்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு கோடி ஒத்தை ரூபாய்க் காசை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எவரெஸ்ட்டைத் தாண்டும் என்பார்கள். கணக்கு சரிதான். 2011-இல் வெளிவந்த புது வரிசைக் காசின் தடிமன் சுமார் 1.45 மி.மீ, கோடிக்கு 14.5 கி.மீ. ஆனால் இதைக் கேட்டு யாருக்கும் எதுவும் பிடிபடாது. காசைக் கொட்டித்தான் வைப்போம். கொட்டினால் எத்தனை இடம் அடைக்கும் என்பதே உருப்படியான கேள்வி.

பலர் சறுக்குவது இங்கேதான். விட்டம் 22 மி.மீ, தடிமன் 1.45 என்று வைத்துப் பெருக்கி 5.5 கன மீட்டர் என்று முடித்துவிடுகிறார்கள். கொட்டிய காசு ஒழுங்காகப் படுக்காது. ஒன்று சாய்ந்து நிற்கும், ஒன்று இன்னொன்றின் விளிம்பில் முட்டிக்கொண்டு கிடக்கும். குவியலில் ஏறக்குறைய 40 சதவீதம் வெறும் காற்று. ஆக, 9 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பத்துக்குப் பத்து அறையில் மூன்றேகால் அடி. இடுப்பளவுதான்!

சோதித்துப் பார்க்க 5 லிட்டர் பெயின்ட் வாளி போதும். தண்ணீர் ஊற்றி அதன் கொள்ளளவை அளந்து, துடைத்து, காசைக் கொட்டி, நாலு தட்டுத் தட்டி எடை போடுங்கள். சுமார் 20 கிலோ வரும், 5,400 காசு இருக்கும். அந்தக் கணக்கில் கோடிக்கு அதே 9 கன மீட்டர் சொச்சம்தான். சொம்பில் அளந்தால் தப்பாகும். குறுகிய பாத்திரத்தில் சுவரோரம் இடைவெளி கூடிவிடும். 20 லிட்டர் வாளி வேண்டாம், 80 கிலோ தாண்டிவிடும், கைப்பிடி பிய்ந்துவிடும். முக்கியமாக, ஒரே வரிசைக் காசாகப் பொறுக்கி எடுங்கள். பழைய 25 மி.மீ காசு 4.85 கிராம், 2011 வரிசை 3.79 கிராம். கிலோவுக்கு முன்னது 206, பின்னது 264. கலந்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

படத்தைப் பார்த்து அளவு சொல்வதும் ஆபத்து. 2013 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், நாடாளுமன்றத்துக்கு முன்னால், அடிப்படை வருமானம் (எல்லோருக்கும் அரசு மாதாமாதம் தரும் பணம்) கேட்டவர்கள், நாட்டு மக்களில் ஆளுக்கொரு காசு என்று 80 லட்சம் ஐந்து ராப்பன் (சுவிஸ் சில்லறை) காசுகளை லாரியிலிருந்து கொட்டினார்கள். சதுக்கத்தில் பரப்பியபோது பொன்னிறக் கடல் மாதிரி இருந்தது. அள்ளிக் குவித்தால் 4 கன மீட்டர்கூடத் தேறாது. எடையோ சுமார் 15 டன்!

என்னைக் கேட்டால், காசுக்கு இடம் பெரிய விஷயமே இல்லை, எடைதான் பெரிது. நம் கோடிக் காசு கிட்டத்தட்ட 38 டன். பத்துச் சக்கர டிப்பரின் தொட்டிக்குள் தாராளமாக அடங்கும், ஆனால் வண்டி தாங்காது. மாடியறையில் கொட்டினால் சதுர மீட்டருக்கு 4 டன் அழுத்தும். குடியிருப்புத் தளங்களை வடிவமைக்க இந்தியத் தரநிலை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அதாவது இரண்டு அங்குலக் கனத்துக்குத்தான் காசைப் பரப்பலாம். அந்தப் பத்துக்குப் பத்து அறையில் மொத்தம் ஐந்து லட்சம் ரூபாய்கூட வராது.