மூன்று நீல டிக்: அந்த ஃபார்வர்டை நம்ப வேண்டாம்

"நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் மூன்று நீல டிக் வந்தால் அரசு உங்கள் செய்தியைப் பார்த்துவிட்டது. இரண்டு நீலம், ஒரு சிவப்பு என்றால் நடவடிக்கை வரும்." பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பழைய ஃபார்வர்டு மறுபடி சுற்றுகிறது. கச்சான் காற்று பலமாக அடிக்கிறதா என்று வாய்ஸ் மெசேஜில் கேட்கவே சிலர் தயங்குகிறார்கள்.

இது பொய். ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி போய்விட்டது, இரண்டு என்றால் சேர்ந்துவிட்டது, இரண்டும் நீலமானால் பெற்றவர் படித்துவிட்டார். மூன்றாவது டிக்கோ சிவப்பு டிக்கோ கிடையாது. வாட்ஸ்அப் உதவிப் பக்கத்திலேயே பார்க்கலாம். மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவும் பலமுறை மறுத்திருக்கிறது. ஆண்டுக்கணக்காக "நாளை முதல்" என்கிறார்கள். அந்த நாளைதான் வந்தபாடில்லை.

சரி, அரசு ஒட்டுக்கேட்பதே இல்லையா? கேட்கும், சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஊரையே ஒரே வலையில் அள்ள அல்ல. 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 2024 இடைமறிப்பு விதிகளின்படி, பொதுவாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும். ஓர் ஆணை 60 நாள். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. அப்படியே ஒட்டுக்கேட்டாலும் டிக் போட்டுச் சொல்லிக்கொண்டா கேட்பார்கள்? இந்த ஆணைகள் வெளியே தெரிவதில்லை என்பது நியாயமான கவலை, அதைத் தாராளமாகப் பேசலாம்.

சந்தேகமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் நீக்குங்கள். ஃபார்வர்டு வந்தால் மேலே அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அனுப்பியவரிடம் தனியாகச் சொன்னால் போதும், குழுவில் வைத்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.